அம்மாவின் முப்பத்தோராம் நாள் கல்வெட்டில் எதை எழுதுவது?

மீசாலை மைந்தன் (ஸ்காபரோ)

அனைவருக்கும் வணக்கம். என் தாயார் இந்த ஆவணி மாதம் மீசாலையில் எங்கள் வீட்டிலேயே காலமானார். 1941இல் கொடிகாமத்தில் பிறந்து, 1962இல் மணமாகி மீசாலைக்கு வந்து, நான்கு பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டுப் போயிருக்கிறார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளைக் கீரிமலையில் செய்துவிட்டு, அன்று மதியம் வீட்டில் நடக்கும் சபிண்டீகரணக் கிரியைக்கு வருபவர்களின் கைகளில் கல்வெட்டை, அதாவது அம்மாவின் நினைவாக அச்சிடும் சிறு நூலை, கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம்.

சாவகச்சேரியில் உள்ள ஓர் அச்சகத்தார் மாதிரிக் கல்வெட்டு ஒன்றை அனுப்பியிருந்தார்கள். கணவர் புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று எல்லாமே செய்யுளாக ஆயத்தமாக இருக்கின்றன. பெயரையும் படத்தையும் மாற்றினால் போதுமாம். கணவர் புலம்பலைத் தொலைபேசியில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "குயில்மொழி பேசும் மெல்லியலாள்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "கொம்மா கூப்பிட்டால் ஒழுங்கை முடியுமட்டும் கேக்கும். இது ஆரைப் பற்றி எழுதினது தம்பி?" என்று கேட்டார். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

மூத்த அக்கா தேவார திருவாசகங்களே போதும் என்கிறார். பாரிஸில் இருக்கும் தம்பி, படம் ஒன்றும் நன்றியுரையும் இருந்தால் போதும் என்கிறான். எனக்கோ அம்மாவைப் பற்றி உண்மையில் ஏதாவது எழுதப்பட வேண்டும் என்றிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. தங்கள் வீட்டில் இதைச் செய்தவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பழைய ஆசிரியர் (கொக்குவில்)

தாயாரின் ஆன்மா சிவபதம் அடையப் பிரார்த்திக்கிறேன்.

தம்பி, கல்வெட்டு எதற்காக அச்சிடப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். முதற்பக்கத்துத் திதி வெண்பாவில் ஆண்டு, மாதம், பக்கம், திதி ஆகிய நான்கும் அமைந்திருக்கும். பேரப்பிள்ளைகள் எந்த நாட்டில் இருந்தாலும் ஆட்டைத் திவசத்தை (ஆண்டுத் திதியை) தவறாமல் செய்வதற்காகவே அந்த நான்கு அடிகளும் எழுதப்பட்டன. வெண்பாவின் கீழே, உயிர் பிரிந்த நேரத்தையும் ஊரையும் ஆங்கிலத் திகதியையும் உரைநடையில் தெளிவாகக் குறித்துவிடுங்கள். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் இடையில் திதி தொடங்கி முடியும் நேரங்கள் மாறுபடும். இரண்டில் எதைப் பின்பற்றினீர்கள் என்பதையும் எழுதினால், இருபது ஆண்டுகளுக்குப் பின் கனடாவில் ஒரு பேரன் குழம்ப வேண்டியிருக்காது. தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமியில் விரதம் இருப்பதும், தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையில் இருப்பதும் நமது வழக்கம் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் பலருக்கு அது சொல்லப்படுவதே இல்லை.

திருமுறைகளை நீக்க வேண்டாம். உங்கள் அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாமியறைத் தட்டில் இருக்கும் கல்வெட்டை எடுத்துத்தான் பல வீடுகளில் இன்றும் சிவபுராணம் படிக்கிறார்கள். தாயாரின் படம் உள்ள புத்தகத்தைப் பிள்ளை நாள்தோறும் கையில் எடுப்பதற்கு அது ஒரு காரணமாக அமைகிறது.

புலம்பல் பாக்களைப் பொறுத்தவரை உங்கள் தந்தையின் பக்கமே நான் நிற்கிறேன். முன்பு புலவர்கள் இழவு வீட்டுக்கு வந்திருந்து, குடும்பத்தாரிடம் கேட்டறிந்து, அதன் பின்பே பாடினார்கள். கேட்டறிதல் இல்லாத புலம்பலுக்கு ஒரு பக்கமும் கொடுக்க வேண்டாம்.

லண்டன் மருமகள்

என் மாமியாரின் கல்வெட்டை அண்மையில் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். வாழ்க்கை வரலாறு என்ற தலைப்பில் நான்கு பக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ மூன்று பக்கங்கள் மாமா எங்கெங்கு உத்தியோகம் பார்த்தார், எந்த ஆண்டில் பதவி உயர்வு பெற்றார் என்பதைச் சொல்கின்றன. மாமியைப் பற்றி எஞ்சியிருப்பது "இல்லறத்தை நல்லறமாக நடத்தினார்", "விருந்தோம்பலில் சிறந்து விளங்கினார்" என்னும் இரண்டு வாக்கியங்கள். அவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் எதுவரை படித்தார் என்பதுகூட அதில் இல்லை.

மரண அறிவித்தலும் அப்படித்தான் அமைகிறது. "கொடிகாமத்தைப் பிறப்பிடமாகவும் மீசாலையை வதிவிடமாகவும் கொண்ட" என்று இரண்டு ஊர்ப் பெயர்களோடு தொடங்கி, இன்னாரின் அன்பு மகளும், அன்பு மனைவியும், பாசமிகு தாயாரும், பேத்தியாரும் (பாட்டியும்), பூட்டியும் (கொள்ளுப்பாட்டியும்) ஆவார் என்று முடிந்துவிடும். இலங்கை வானொலியில் காலையில் வாசிக்கப்பட்ட நாளிலிருந்து நாம் கேட்டுப் பழகிய ஒழுங்கு அது. அறிவித்தலுக்கு அது போதும், ஏனென்றால் இன்னார் வீட்டுச் சாவு என்று ஊர் அறிந்துகொள்ள வேண்டும். கல்வெட்டுக்கு அது போதாது.

ஒரு வேண்டுகோள். வம்சாவளி வரையும்போது அம்மாவின் தாயாரின் பெயரையும், அந்தத் தாயாரின் தாயாரின் பெயரையும் எழுதுங்கள். எங்கள் வீட்டு வம்சாவளியில் ஆண்களின் பெயர் ஐந்து தலைமுறைக்கு ஏறுகிறது. பெண்களோ "பாரியார்" என்ற ஒரு சொல்லாக நிற்கிறார்கள். என் மகள் தன் பூட்டியின் பெயரைக் கேட்டபோது அதைச் சொல்வதற்குக் குடும்பத்தில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. கொடிகாமத்தில் அம்மாவின் வயதை ஒத்தவர்கள் இருந்தால் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

மீசாலை மைந்தன்

ஆசிரியர் ஐயாவுக்கும் லண்டன் அக்காவுக்கும் நன்றி. அம்மாவின் சின்னம்மா ஒருவர் கச்சாயில் இருக்கிறார். தொண்ணூறு வயதைக் கடந்தவர். இன்று அவரிடம் பேசி, மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர்களை எழுதிக்கொண்டேன்.

அப்பா கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். 1983 கலவரத்துக்குப் பிறகே மாற்றம் பெற்று யாழ்ப்பாணம் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) வந்தார். அதுவரையில் மாதத்துக்கு ஒருமுறை யாழ்தேவிப் புகையிரதத்தில் வருவார், ஞாயிறு மாலை திரும்பிவிடுவார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காணி, கிணறு, மாடு, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாவற்றையும் அம்மாவே நடத்தினார். வளவில் உள்ள கறுத்தக்கொழும்பான் மாமரங்களின் காயை எந்த வியாபாரிக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது என்பதைக்கூட அவரே தீர்மானித்தார். ஒழுங்கை முடியுமட்டும் கேட்கும் குரல் அப்படித்தான் உண்டானது என்று நினைக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரால் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது, செம்மணி வீதியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் மழைக்குள் நடந்து வந்தவர்களில் ஏழு குடும்பங்கள் எங்கள் வளவில் தங்கின. அம்மா ஓர் அப்பியாசக் கொப்பியில் அவர்களுடைய பெயர், ஊர், பிள்ளைகளின் வயது எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். சொந்தங்களைத் தேடி வருகிறவர்கள் படலையில் நின்று கேட்டால், கொப்பியைப் பார்த்துப் பதில் சொல்வார். 2000ஆம் ஆண்டு ஆனையிறவு இராணுவ முகாம் விழுந்த பின் எங்கள் தென்மராட்சிப் பகுதிக்குள் சண்டை வந்தபோது நாங்களே வடமராட்சிக்கு ஓட வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கொப்பியும், அப்பாவுக்கு அம்மா எழுதிய கடிதங்களும், கலியாணப் படமும் அதோடு போய்விட்டன. கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் முகப்பில் போடப்போகிறோம்.

மானிப்பாய்ப் பெண்

உங்கள் தாயாரை எனக்குத் தெரியாது. ஆனால் 1995இல் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வந்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மட்டுவிலில் ஒரு வீட்டில் எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அங்கே இருக்கும்போதுதான் நான் பெரியபிள்ளையானேன். எங்கள் அம்மாவிடம் மாற்றுடுப்புக்கூட இல்லை. அந்த வீட்டு அம்மா தன் பெட்டகத்தைத் திறந்து, நாவல் நிறத்தில் ஒரு சேலையை எடுத்து வந்து, மாட்டுக்கொட்டிலின் பின்னால் கிடுகு வைத்து மறைத்து, தானே எனக்குத் தண்ணீர் வார்த்து உடுத்திவிட்டார். உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் ஏழு நாளும் தவறவில்லை. அந்தச் சனநெருக்கத்துக்குள் அவர் உழுந்தை எங்கிருந்து எடுத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் காலமானபோது நான் ஜெர்மனியில் இருந்தேன். செய்தி பிந்தித்தான் கிடைத்தது. யாராவது என்னைத் தேடிக் கேட்டிருந்தால், அவருடைய கல்வெட்டுக்கு நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருப்பேன். ஆகவே உங்களிடம் கேட்கிறேன்: அந்த ஏழு குடும்பங்களையும் தேடுங்கள். பாடசாலை அதிபரிடமும் பாராளுமன்ற உறுப்பினரிடமும் அனுதாபச் செய்தி வாங்கும் நேரத்தில் அவர்களிடம் பத்து வரி வாங்குங்கள். உங்கள் தாயார் உங்களுக்குச் சொல்லாத செய்திகள் அவர்களிடம் இருக்கும். கொடுத்தவர் மறந்துவிடுவார், வாங்கியவர் மறப்பதில்லை.

ஏடு தேடுபவன் (யாழ்ப்பாணம்)

மானிப்பாய்ச் சகோதரி சொன்னதை நானும் வலியுறுத்துகிறேன். பழைய கல்வெட்டுக்களையும் நினைவு மலர்களையும் சேகரித்து வாசிப்பவன் நான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வீடுகளில் இருந்த ஏடுகளும் படங்களும் பின்னர் இடப்பெயர்வுகளில் போயின. அதன் பிறகு ஒரு கிராமத்தின் வரலாற்றைத் தேடுகிறவனுக்குக் கையில் கிடைப்பது பெரும்பாலும் இத்தகைய சிறு வெளியீடுகளே. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிமத் (டிஜிட்டல்) தளத்தில் நினைவு மலர்கள் பெருந்தொகையாக ஏற்றப்பட்டுள்ளன. உங்களுடையதையும் அங்கு சேர்க்கலாம்.

அப்படிச் சேர்ப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். வம்சாவளியில் காலமானவர்களின் பிறந்த, இறந்த ஆண்டுகளைத் தாராளமாக எழுதுங்கள். உயிரோடிருப்பவர்களுக்குப் பெயரும் நாடும் போதும். பிறந்த திகதி, முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை வெளிப்படையான ஏட்டில் போடுவது இக்காலத்தில் நல்லதல்ல. படங்களின் கீழே யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதத் தவறாதீர்கள். பெயரில்லாத முகங்கள் நிறைந்த மலர்கள் என்னிடம் நிறைய உண்டு. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.

இளவாலை வாசகர்

நாங்கள் கத்தோலிக்கர். எங்களுக்கும் 31ஆம் நாள் திருப்பலியும் நினைவு மலரும் உண்டு. அம்மம்மாவின் மலரில், செபமாலைக்குப் பிறகு அவர் வழக்கமாக யார் யாருடைய பெயரைச் சொல்லி மன்றாடுவார் என்ற பட்டியலை அப்படியே அச்சிட்டோம். அயலில் சண்டைபிடித்துப் பேசாமல் இருந்த ஒரு குடும்பத்தின் பெயரும் அதில் இருந்தது. மலரை வாசித்த அந்தக் குடும்பத்தார், கார்த்திகை (நவம்பர்) 2ஆம் திகதி, ஆன்மாக்கள் தினத்தில், கல்லறைக்கு வந்து மெழுகுதிரி ஏற்றினார்கள்.

மீசாலை மைந்தன்

ஏழு குடும்பங்களில் மூன்றைக் கண்டுபிடித்துவிட்டோம். ஒரு குடும்பம் சுன்னாகத்தில், ஒன்று மொன்றியலில், ஒன்று வன்னேரியில். சுன்னாகத்து மாமி எழுதி அனுப்பிய ஒன்றரைப் பக்கத்தைத் திருத்தாமல் போடப்போகிறேன். எங்கள் கிணற்றில் காலையில் யார் முதலில் தண்ணீர் அள்ளுவது என்று சண்டை வந்தபோது, கைக்குழந்தை உள்ள வீடு முதலில், வீட்டுக்காரி கடைசியில் என்று அம்மா ஒழுங்கு வைத்தாராம். கடைசிவரையும் தான் கடைசியாகவே அள்ளினாராம். நான் அப்போது பள்ளிக்கூடம் போகும் வயதில் அதே வளவில் இருந்தவன். இது என் கண்ணில் படவே இல்லை.

என் மகள் தன் பங்குக்கு ஒரு பக்கம் கேட்கிறாள். புலம்பல் எழுதமாட்டாளாம், அப்பம்மாவின் வேப்பம்பூ வடகம் எழுதப்போகிறாளாம். வேம்பு பூக்கும் காலத்தில் விடியமுன்னம் மரத்தின் கீழே பாயை விரித்து, விழுந்த பூவைக் காம்பும் தூசும் இல்லாமல் புடைத்து, ஊறவைத்து அரைத்த உழுந்தோடும், வெட்டிய செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், பெருஞ்சீரகம், உப்போடும் குழைத்து, உள்ளங்கையில் வைத்துத் தட்டையாக அழுத்தி, வெயிலில் காயவைப்பது வரை, அம்மா காட்டிக் கொடுத்ததைக் கைப்பேசியில் பிடித்து வைத்திருக்கிறாள். "கையில ஒட்டினால் அது சரியில்லை" என்று அம்மா சொல்லும் குரலும் அதில் இருக்கிறது. சமையல் குறிப்புக் கல்வெட்டில் பொருந்துமா என்று அக்கா தயங்குகிறார்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். கடைசி ஆண்டுகளில் அம்மாவுக்கு மறதி நோய் வந்துவிட்டது. எங்களில் எவரையும் அவருக்குத் தெரியவில்லை. இதை எழுதுவதா, விடுவதா என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

பழைய ஆசிரியர்

வடகம் பொருந்தும். பேத்தியின் பக்கமாக அது இருக்கட்டும்.

நோயைப் பற்றி எழுத வேண்டாம் என்பது என் கருத்து. தாயார் தம் நிலையைத் தாமே அறியாத காலத்தில் நடந்தவற்றை ஊர் வாசிக்கக் கொடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கல்வெட்டு முந்நூறு வீடுகளுக்குப் போகும் என்பதை மறவாதீர்கள்.

ஒஸ்லோ தாதி

ஐயாவை மறுத்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மறதி நோய் உள்ளவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் பணிபுரிகிறேன். நம்மவர்கள் இந்த நோயை மறைப்பதனால், அதே நோயாளியை வீட்டில் வைத்திருக்கும் வேறு குடும்பங்கள், தங்களுக்கு மட்டுமே இப்படி நேர்ந்துவிட்டது என்று எண்ணித் தனித்துப் போகிறார்கள். நோயின் விவரங்கள் வேண்டாம் என்பதில் ஐயாவோடு உடன்படுகிறேன். ஆனால் அந்த ஆண்டுகளில் யார் அவரைப் பார்த்துக்கொண்டார், எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது மறைக்க வேண்டியதல்ல. மைந்தன், அதை அருகில் இருந்து பார்த்தவர் உங்கள் அப்பா. அவரிடம் "அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டால் அவரால் பேச முடியாது. காலையில் எழும்பினால் முதலில் என்ன செய்வீர்கள், பிறகு என்ன செய்வீர்கள் என்று ஒரு நாளை மட்டும் கேளுங்கள். எழுதுவதா என்ற முடிவையும் அவரிடமே விடுங்கள்.

பழைய ஆசிரியர்

கணவர் சொல்லி, கணவர் சம்மதித்து எழுதப்படுவதாயின் எனக்கு மறுப்பில்லை. அந்த உரிமை அவருக்கு உண்டு.

மீசாலை மைந்தன்

தாதி அக்கா சொன்னபடியே நேற்று இரவு கேட்டேன். அப்பா ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார். அவர் சொன்னதைக் கேட்டெழுதிய பகுதியை இங்கே இடுகிறேன். கணவர் புலம்பலுக்கு ஒதுக்கிய பக்கத்தில் இதுதான் வரப்போகிறது.

"நான் கொழும்பில் இருந்த காலத்தில் வீட்டில் என்ன நடந்தது என்பது மாதத்தில் இரண்டு நாள்தான் எனக்குத் தெரியும். என் சம்பளத்தில் மிச்சம்பிடித்து மீசாலையில் இரண்டு பரப்புக் காணி வாங்கியவள் அவள். காணி உறுதிப் பத்திரத்தில் என் பெயரைப் போட்டாள். ஓய்வு பெற்ற பின்புதான் அவளோடு முழுநாளும் இருந்தேன். பிந்திய காலத்தில் அவளுக்கு என்னைத் தெரியாமற் போனது. தன் அண்ணன் என்று நினைத்து அண்ணை என்று கூப்பிடுவாள். நானும் ஓம் என்பேன். காலையில் கதிரையில் இருத்தி, நல்லெண்ணெய் வைத்துத் தலையிழுத்துக் கொண்டை முடிந்துவிடுவேன். முதலில் எனக்குக் கொண்டை நிற்காது. கச்சாய் மாமி வந்து பழக்கிவிட்டா. தலையிழுக்கும் நேரத்தில் மட்டும் அவள் பழைய கதை சொல்லுவாள். கொடிகாமம் சந்தைக்குத் தகப்பனோடு வண்டிலில் போன கதை. அறுபது வருஷம் கூட இருந்தும் அந்தக் கதைகளை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பிள்ளைகள் என்னிடம் வந்து இருங்கோ என்று கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அவள் வைத்த மரங்கள் காய்க்கிற இடத்தில் இருக்கிறேன்."

மறதி நோய் என்ற சொல்லைப் போடவா என்று கேட்டேன். "போடு. வந்ததுதானே" என்றார்.

லண்டன் மருமகள்

தம்பி, இதில் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். காணி உறுதியைப் பற்றிய வரியை யாராவது நீக்கச் சொன்னாலும் நீக்காதீர்கள். வரலாற்றுப் பகுதியில் அந்தக் காணி வாங்கிய ஆண்டையும் சேர்த்துவிடுங்கள்.

ஏடு தேடுபவன்

உறுதியிலேயே ஆண்டு இருக்கும். மூலப்பிரதி 2000இல் அழிந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அந்தியேட்டிக்கு முன் கிடைக்காவிட்டால் அப்பா சொல்லும் ஆண்டைப் போட்டு "ஏறத்தாழ" என்று குறித்துவிடுங்கள்.

பழைய ஆசிரியர்

இறந்த நேரத்தையும் அம்மாவின் பெயரையும் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். திதி வெண்பாவை நான் எழுதித் தருகிறேன். அச்சகத்தார் முதற்படி தந்ததும் தேவாரப் பகுதியை என்னிடம் காட்டுங்கள். மாதிரிகளில் நமச்சிவாயப் பதிகம் பெரும்பாலும் எழுத்துப்பிழையோடுதான் வருகிறது.

மீசாலை மைந்தன்

அனுப்பிவிட்டேன் ஐயா. மொத்தம் முப்பத்திரண்டு பக்கங்கள் வருகின்றன. சுன்னாகத்து மாமியும் வன்னேரிக் குடும்பத்தாரும் வீட்டுக் கிருத்தியத்துக்கு நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மொன்றியலில் இருப்பவர்களுக்கு நான் இங்கிருந்து தபாலில் அனுப்புகிறேன். மற்ற நான்கு குடும்பங்கள் அளவெட்டி, சண்டிலிப்பாய்ப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்று அப்பாவுக்கு நினைவு. 1995 நவம்பர் முதல் 1996 சித்திரை வரை மீசாலையில், புகையிரத நிலையத்துக்குக் கிழக்கே, பெரிய பலாமரம் நின்ற வளவில் தங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால், அல்லது அவர்களை அறிந்திருந்தால், தயவுசெய்து எனக்குத் தனிமடல் எழுதுங்கள். அச்சுக்குப் போன பிறகு வந்தாலும் பரவாயில்லை. ஆட்டைத் திவசத்துக்கு இன்னொரு சிறு பதிப்பு அடிக்கலாம் என்று அக்காவும் தம்பியும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.